ஒளிய இடம் எனக்கு மட்டும்தான் இல்லை

இந்தக் கட்டுரையில் என் பெயர் இருக்காது. ஊர்ப் பெயரையும் சொல்ல மாட்டேன். அம்பாசமுத்திரத்துக்கும் முக்கூடலுக்கும் நடுவே, ஆற்றோரமாக, பீடி சுற்றிப் பிழைக்கிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் போடத் துணிச்சல் இல்லாதவள் எழுதியதை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என் பெயர், என் போன் நம்பர், என் முகம் மூன்றையும் ஒரே படத்தில் போட்டு, கீழே ஒரு விலையும் எழுதி, என்னைத் தெரிந்த அத்தனை பேருக்கும் ஒருவன் அனுப்பியாயிற்று. இனி என் பெயரை எங்கே போடுவது, எங்கே போடாமல் இருப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன். அந்த உரிமையாவது எனக்கு மிஞ்சட்டும்.

கடன் வாங்கியது நான் இல்லை. என் தம்பி. அதுவும் அவனுக்காக வாங்கவில்லை, எனக்காக வாங்கினான். 2022 கோடையில் எனக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அம்மையின் பீடிக் கூலி குழுக் கடனுக்கே சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பூவுக்கும் பந்திக்கும் ஐயாயிரம் குறைந்தது. யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று நினைத்தான். போனில் தானாக வந்து நின்ற விளம்பரத்தைத் தொட்டு ஓர் ஆப்பை இறக்கினான். ஆதார் கேட்டது, கொடுத்தான். பான் கார்டு கேட்டது, கொடுத்தான். முகத்தை நேராக வைத்துப் படம் எடு என்றது, எடுத்தான். போனில் உள்ள நம்பர்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா என்று கேட்டது. சரி என்று தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். ஐயாயிரம் என்று காட்டிவிட்டு மூவாயிரத்துச் சொச்சம்தான் கணக்கில் ஏறியது. மீதிக்குப் பெயர் கட்டணம். ஏழே நாளில் முழு ஐயாயிரத்தையும் கட்ட வேண்டும். கட்டினான். கட்டிய பிறகும் கட்டவில்லை என்றே வந்தது. அந்த வாயை அடைக்க இன்னோர் ஆப். அதை அடைக்க இன்னொன்று. எனக்கும் அம்மைக்கும் ஒன்றும் தெரியாது. பையன் ராத்திரி தூங்குவதில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான் என்பது மட்டும் தெரியும்.

எல்லாம் தெரியவந்த அன்றைக்கு அம்மை திண்ணையில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நறுக்கி நனைத்த இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம், நடுவில் அவளுடைய பழைய போன். அது விடாமல் அதிர்ந்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் புகையிலைத் தூள் விலகி விலகி அந்தப் போனைச் சுற்றி ஒரு வட்டமே விழுந்துவிட்டது. அம்மைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. படம் பார்க்கத் தெரியும்.

என்ன படம் தெரியுமா? 2018 அக்டோபரில் தாமிரபரணியில் மகா புஷ்கரம் நடந்தது. 144 வருடத்துக்கு ஒருமுறை வருவது என்று ஊர் ஊராகச் சனம் ஆற்றில் இறங்கியது. பாபநாசம் படித்துறையில் முங்கி ஏறியபோது என்னையும் அம்மையையும் நிற்க வைத்துத் தம்பி எடுத்த படம். ஈர முடி காதோடு ஒட்டியிருக்கும். அதில் என் தலையை மட்டும் ஆப்காரர்கள் வெட்டி எடுத்து, எந்தத் தாய் பெற்ற பிள்ளையின் உடம்பிலோ ஒட்டியிருந்தார்கள். ஈர முடி அப்படியே இருந்தது. கழுத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். ஒட்டுவேலை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

சொல்லிவிடும்தானே? பிறகு ஏன்?

தம்பியின் போனில் இருந்த எல்லோருக்கும் போயிருந்தது. துபாயில் இருக்கிற அத்தானுக்கு. பால்காரருக்கு. சிலிண்டர் போடுகிற பையனுக்கு. நான் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்துக்கு. எனக்குப் பேசி வைத்திருந்தவருக்கு, அவருடைய அண்ணனுக்கு, அந்த மதினிக்கு.

மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஒட்டுப்படம்னு எங்களுக்குத் தெரியும் தாயி. ஒன்னைப் பத்தி ஒரு சொல்லு சொல்ல முடியுமா? ஆனா நாலு பேரு பார்த்துட்டாவல்லா" என்றார். நிச்சயத்துக்கு எடுத்த சேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. பெருந்தன்மையாம். பள்ளிக்கூடத்தில், "கொஞ்ச நாள் லீவுல இருங்க மிஸ், பேரன்ட்ஸ் கேக்காங்க" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அந்தப் படத்தை ஒருவரும் நம்பவில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவரும் நம்பவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததற்கு யாருக்கு வெட்கம் வந்தது? பார்க்கப்பட்டதற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? பொய் என்று தெரிந்த ஒன்றுக்காக ஒரு கல்யாணத்தை நிறுத்துகிறவர்களுக்கும், பொய்யை அனுப்பியவனுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். அவனுக்காவது அது பிழைப்பு.

காவல் நிலையத்துக்குப் போனோம். எந்த நிலையம் என்று எழுதவில்லை. "லோன் வாங்குனது யாரு? அவன எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கடன் வாங்கியவன்தான் குற்றவாளி என்பதுபோல. பிறகு படத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். என் போன் ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போயிற்று, அதில் இருந்து மூன்றாவது கைக்கு. நான் நின்றுகொண்டே இருந்தேன். என் போன் எனக்குத் திரும்பி வருவதற்குள் அந்த அறையில் எனக்கு வயது ஏறிவிட்டது. "இது பாகிஸ்தான் நம்பரும்மா. வி.பி.என். போட்டு எங்கயோ இருந்து பேசுதானுவ. எங்கன போய்ப் பிடிக்க? எல்லாத்தையும் கலர் பிரிண்ட் போட்டு மனுவோட கொண்டாங்க."

கலர் பிரிண்ட்.

நிலையத்துக்கு எதிரேயே ஜெராக்ஸ் கடை. மத்தியான நேரம். ரேஷன் கார்டு நகல் எடுக்க நான்கைந்து பேர் நிற்கிறார்கள். அந்தப் பையனுடைய நம்பருக்குப் படங்களை அனுப்ப வேண்டும், அவன் கம்ப்யூட்டரில் திறந்து அச்சுப்போட வேண்டும். என்னைக் கெடுத்த படத்தை நானே என் கையால் இன்னொருவனுக்கு அனுப்ப வேண்டும்! சொல்லுங்கள், இது எந்த ஊர் நியாயம்? மெஷின் இழுத்தது. முதல் தாள் முகம் மேலாக வந்து தட்டில் விழுந்தது. பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். ஒன்றும் பேசவில்லை. சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்தான். அடுத்து வந்த ஒவ்வொரு தாளையும் பார்க்காமலே கவிழ்த்தான். ஒரு காக்கி உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. அந்த ஊரில் அன்றைக்கு எனக்கு ஒரு மறைப்பைக் கொடுத்தது அவன் ஒருவன்தான்.

எங்கள் சீமைக்கு வட்டிக் கொடுமை புதிது கிடையாது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், நெல்லை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீயில் போனது. அவர், அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். வாங்கியதைவிடக் கூடுதலாகக் கட்டியிருந்தார்கள். மனு மேல் மனு கொடுத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் படத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

கார்ட்டூனிஸ்ட் பாலா அதை வரைந்தார். குழந்தை எரிகிறது, முதலமைச்சரும் ஆட்சியரும் போலீஸ் அதிகாரியும் ரூபாய்க் கட்டால் மானத்தை மறைத்துக்கொண்டு அம்மணமாக நிற்கிறார்கள். தன் பெயரைப் போட்டு, தன் ஃபேஸ்புக் பக்கத்தில் வெளியிட்டார். நவம்பர் 5-ம் தேதி நெல்லை போலீஸ் சென்னைக்கே போய் அவர் வீட்டில் வைத்துக் கைது செய்தது. என்ன பிரிவு தெரியுமா? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. ஆபாசத்தை மின்னணு வழியில் பரப்புவது. மறுநாளே ஜாமீன் கிடைத்தது என்பது வேறு கதை.

அதே 67-தான் எனக்கும் உள்ள பிரிவு. என் மனுவில் வக்கீல் அண்ணாச்சி அதைத்தான் எழுதிக் கொடுத்தார். கோட்டோவியத்தில் வரைந்த அம்மணத்துக்கு அறுநூறு கிலோமீட்டர் ஓடின கால்கள், என் முகத்தை ஒட்டிய அம்மணத்துக்கு எழுந்துகூட நிற்கவில்லையே, ஏன்? பெயர் போட்டு நியாயம் கேட்டவர் இரண்டு வாரத்துக்குள் கிடைத்துவிட்டார். பெயர் இல்லாமல் குடும்பங்களை அழிக்கிறவன் மட்டும் எப்படிக் கிடைக்காமலே போகிறான்?

கிடைக்க மாட்டான் என்பதையே நான் நம்பவில்லை. போனில் பேசியவன் எந்த நாட்டு நம்பரை வேண்டுமானாலும் போர்த்திக்கொள்ளட்டும், பணம் எங்கே போயிற்று? என் தம்பி கட்டிய ஒவ்வொரு ரூபாயும் யு.பி.ஐ. வழியாக, இந்தியாவில் உள்ள ஒரு வங்கிக் கணக்குக்குத்தான் போயிற்று. அந்தக் கணக்கைத் திறக்க ஆதார் கொடுக்கவில்லையா, கையெழுத்துப் போடவில்லையா? என் அம்மை பீடிக் கூலிக்குக் கணக்குத் திறக்கப் போனால், ரேகை பதியவில்லை என்று அலைக்கழிக்கிற வங்கிகள், இவர்களுக்குக் கணக்கு கொடுத்தது எந்த ரேகையைப் பார்த்து? போனில் பேசியவன் சுத்தமான தமிழ் பேசினான். ஒருமுறை ஒரு பெண் பேசினாள். எழுதி வைத்ததை வாசிக்கிற குரல். நடுவில் திக்கியது. "எக்கா, கட்டிருங்கக்கா" என்றாள், திட்டுவதை விட்டுவிட்டு. அவளை எந்தக் கடன் அந்த நாற்காலியில் உட்கார வைத்ததோ.

2021 ஜனவரியிலேயே சென்னை போலீஸ் பெங்களூருவில் இரண்டு சீனர்களையும் அவர்களுடைய கூட்டாளிகளையும் இதே மாதிரி ஓர் ஆப் கடன் வழக்கில் பிடித்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சம்பளத்துக்கு வைத்து, கால் சென்டர் போட்டு மிரட்டியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் குழு 2021 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. எண்பதுக்கு மேற்பட்ட ஆப் கடைகளில் சுமார் 1,100 கடன் ஆப்களைப் பார்த்ததாகவும் அதில் 600 சட்டவிரோதமானவை என்றும் எழுதியது. பாதிக்கு மேல்! ஆக 2021-லேயே எல்லோருக்கும் தெரியும். போலீசுக்குத் தெரியும், ரிசர்வ் வங்கிக்குத் தெரியும், விளம்பரக் காசு வாங்கியவனுக்கும் தெரியும். தெரிந்தும் 2022 கோடையில் என் தம்பி போனில் அந்த விளம்பரம் எப்படி வந்து நின்றது? கடன் ஆப்கள் போன் நம்பர்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி போட்டது 2022 செப்டம்பரில். கூகுள் தன் கடையில் அதையே கட்டாயமாக்கியது 2023 மே மாதக் கடைசியில். எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்த பிறகு. நாங்கள் எல்லாம் செத்துக் கணக்குக் காட்டினால்தான் உங்களுக்கு விதி எழுத மை கிடைக்குமா?

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் வேதியியல் படித்த ஒரு பெண். வயது 21. அவள் முகத்தையும் இப்படித்தான் ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். அப்பா போலீசுக்குப் போனார். பொறுங்கள் என்றார்கள். ஒரு காவலர் செல்போன் லஞ்சமாகக் கேட்டார் என்று புகார் வந்தது. படம் மறுபடியும் வந்தது. பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் போன இரண்டொரு நாளில் ஆள் கிடைத்தான். பக்கத்து ஊர்க்காரன். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். உயிரோடு இருந்து கெஞ்சியபோது கிடைக்காதவன், பிணம் கிடைத்ததும் கிடைத்தது எப்படி? நான் உயிரோடு இருப்பதுதான் என் வழக்கில் குறையா?

இதை எல்லாம் சொன்னால் படித்தவர்கள் ஒரு மருந்து சொல்கிறார்கள். இணையத்தில் எவனும் ஒளியக் கூடாது, எல்லோரும் ஆதாரைக் கட்ட வேண்டும், இருக்கிற இடத்தை மறைக்கிற வி.பி.என்.னைத் தடை செய்ய வேண்டும் என்று. சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கச் சொல்லி 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள். பெண்களை இப்படி அவமானப்படுத்துகிறவர்களைப் பிடிக்கத்தானாம். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வி.பி.என். நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரியை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பெரிய கம்பெனிகள் சில, தங்கள் சர்வர்களை இந்தியாவை விட்டே எடுத்துக்கொண்டு போய்விட்டன. அந்த உத்தரவு வந்த அதே கோடையில்தான் என் படம் ஊரைச் சுற்றியது.

என் பெயரைச் சொல்லி அந்த மருந்தை விற்காதீர்கள். என் தம்பி ஆதார் கொடுத்தான். கொடுத்ததால்தான் மாட்டினான். மிரட்டல் படத்தில் ஒரு மூலையில் என் தலை, இன்னொரு மூலையில் அவனுடைய ஆதார் கார்டு, வீட்டு விலாசத்தோடு. எங்களிடம் இருந்து வாங்கியதை வைத்தே எங்களை அடித்தார்கள். இன்னும் எதைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்னார்கள். அது எங்கள் ஆற்றங்கரைக்கு எப்போது வந்து சேரும்?

சித்தி மகன் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவன்தான் எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னான். டோர் என்று ஒன்று இருக்கிறதாம். இணையத்தில் நாம் அனுப்புவதை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக மூடி அனுப்புமாம். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்ததாம். அதன் இருட்டில் போதை விற்கிறவனும் இருக்கிறான், அரசாங்கத்தின் திருட்டை எழுதுகிற பத்திரிகைக்காரரும் இருக்கிறார். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு மறைப்பு உலகத்தில் இருக்கிறதா? இதில் ஒரு முழம் துணி எனக்குக் கிடைக்கவில்லையே! அந்த முறத்தில் போன் அதிர்ந்த நாளில் இருந்து நான் தேடியது அதைத்தான். முகம் காட்டாமல் புகார் சொல்ல ஓர் இடம், விலாசம் சொல்லாமல் அழ ஓர் இடம். நீங்கள் பிடுங்கச் சொல்கிற அந்த மறைவு, மிரட்டுகிறவனிடம் இருந்து போகாது. அவன் வேறு நாட்டு நம்பரில் வருவான், கூலிக்குக் கிடைத்த கணக்கில் வருவான். போவது என்னிடம் இருந்துதான்.

தம்பி இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. நிச்சயம் முறிந்த மறுவாரம், திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். நம்பரை மாற்றிவிட்டான். எப்போதாவது அம்மை கணக்கில் ஐந்நூறு, ஆயிரம் விழும், அனுப்பிய பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கும். கடன் கொடுத்தவன் ஒளிந்துகொண்டான். கடன் வாங்கியவனும் ஒளிந்துகொண்டான். வெளியில் நிற்பது, ஒரு ரூபாயும் வாங்காத நான். தம்பி, இதை நீ படித்தால் ஒன்று மட்டும் தெரிந்துகொள்: உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அம்மைக்கு உன் குரல் வேண்டும். எந்த நம்பரில் இருந்து என்றாலும் சரி.

மனு இன்னும் கிடப்பில்தான் இருக்கிறது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-ல் சட்டமன்றம் புதுச் சட்டமும் போட்டுவிட்டது. என் மனு நகராததற்கு அவர்கள் சொல்கிற காரணத்தையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் போன் போதாதாம், படம் வந்த வெளியாள் போன் ஒன்று வேண்டுமாம். எனக்கு இந்த நம்பரில் இருந்து, இந்த நேரத்தில் வந்தது என்று ஒருவர் வந்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நானும் அம்மையும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். "அன்னைக்கே அழிச்சிட்டேனே" என்றார் ஒருவர். "ஸ்டேஷன் வாசலுக்கெல்லாம் எங்கள இழுக்காதிய" என்றாள், என்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மை. திறந்து பார்க்கும்போது இல்லாத பயம், கையெழுத்து என்றதும் வந்துவிட்டது. அத்தனை போன்களில் ஒரு போன் கிடைக்கவில்லை. அத்தனை பேரில் ஒரு பெயர் கிடைக்கவில்லை.

உங்கள் போனுக்கும் இப்படி ஒரு படம் வரும். இவளா, அவளா என்று பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். வந்த நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், சாட்சிக்கு நான் வருகிறேன் என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பெயர் இருக்கிறது, அதை யாரும் கெடுக்கவில்லை. அவள் மனுவுக்குக் கீழே அதை எழுதிக் கொடுங்கள்.